வாசகர் கேள்வி – பதில்: ஏப்ரலிலேயே தோற்றுவிட்ட அணியும் டென்வர் ரசிகரின் கோபமும்

கேள்வி: 2025 ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ் அடுத்தடுத்துத் தோற்றபோது, என் அலுவலக நண்பர்கள் 2007-ஐயும் 2009-ஐயும் எடுத்துக்காட்டி என்னைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். எனக்கோ இரண்டாம் வாரத்திலேயே நம்பிக்கை போய்விட்டது. எங்களைப் போன்ற ரசிகர்கள் அவசரப்பட்டுக் கோபப்படுகிறோமா? (வாசகர், டென்வர்)

பதில்: நீங்கள் அவசரப்படவில்லை. ஆனாலும் உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு ஆண்டுகளும் மெய்யாகவே நடந்தவை என்பதால், அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

2007 மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் ராக்கீஸ் 18 ஆட்டங்களில் வென்று 27 ஆட்டங்களில் தோற்றிருந்தது. செப்டம்பர் நடுப்பகுதியில்கூட பிளே ஆஃப் வாய்ப்புள்ள அணியாக அதைப் பெரும்பாலோர் கருதவில்லை. பிறகு, பிளே ஆஃப் இடத்தை முடிவுசெய்ய நடந்து, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைக் கடந்து 13 வரை நீண்ட தனி ஆட்டத்தில் சான் டியேகோ பாட்ரெஸ் அணியை 9-8 என்று வென்றதையும் சேர்த்து, கடைசி 15 ஆட்டங்களில் 14-ஐக் கைப்பற்றியது; பிலடெல்பியாவையும் அரிசோனாவையும் ஒரு தோல்விகூட இல்லாமல் கடந்து, தன் வரலாற்றில் முதலும் இதுவரை கடைசியுமாக, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குள் நுழைந்தது. அங்கே பாஸ்டன் நான்கே ஆட்டங்களில் கதையை முடித்துவிட்டது என்றாலும், அந்த இலையுதிர் காலத்தை டென்வர் மறக்கவில்லை. 2009-இலும் இதே போல 18 வெற்றி, 28 தோல்வி என்று அணி தவித்தபோது மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கிளிண்ட் ஹர்டில் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜிம் டிரேசியின் கீழ் 74 வெற்றி, 42 தோல்வி என்று ஆடி அணி பிளே ஆஃபுக்குச் சென்றது.

இந்த இரண்டு நினைவுகளும் சேர்ந்து நம் ஊர் ரசிகர்களிடம் ஒரு பழக்கத்தை உருவாக்கிவிட்டன. ஒவ்வோர் ஏப்ரலிலும் அணி சறுக்கும்போது யாராவது ஒருவர் ‘2007’ என்கிறார். உடனே எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். அந்த அமைதியைத்தான் நான் மறுக்கிறேன். 2007-இல் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பாருங்கள்: டாட் ஹெல்டன், மாட் ஹாலிடே, அப்போது புதுமுகமாக வந்திருந்த டிராய் டுலோவிட்ஸ்கி ஆகியோர் ஒரே வரிசையில் இருந்தார்கள், பருவத்தின் நடுவே இளம் பிட்சர் (பந்தெறிபவர்) உபால்டோ ஹிமெனெஸ் வந்து சேர்ந்தார். நன்றாக ஆடத் தெரிந்த ஓர் அணி தன் இயல்பு நிலைக்குத் திரும்புவதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

2025-இல் திரும்பிச் செல்வதற்கு அப்படி ஓர் இயல்பு நிலை இருந்ததா? 2023-இல் 103 தோல்விகள், 2024-இல் 101 தோல்விகள் என்ற இரண்டு ஆண்டுகளைக் கடந்துதான் இந்த அணி வசந்தத்திற்குள் வந்தது. மார்ச் 28 அன்று டாம்பாவில் நடந்த முதல் ஆட்டத்தையே கடைசி இன்னிங்ஸில் கொடுத்த ஹோம் ரன்னால் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) 3-2 என்று இழந்தது. ஏப்ரல் 17 அன்று, 3 வெற்றி 15 தோல்வி என்ற நிலையில் பேட்டிங் பயிற்சியாளர் ஹென்ஸ்லி மியூலன்ஸ் நீக்கப்பட்டு, அவருடைய இடத்திற்கு, 2009-இல் மேனேஜர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அதே கிளிண்ட் ஹர்டில் அழைத்துவரப்பட்டார். மே 10 அன்று சொந்த மைதானத்தில் பாட்ரெஸ் 21-0 என்று வென்றது. மறுநாள் ராக்கீஸ் 9-3 என்று ஜெயித்தும், 7 வெற்றி 33 தோல்வி என்ற கணக்கோடு மேனேஜர் பட் பிளாக் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். முதல் 50 ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு 8-42. 1900-க்குப் பிந்தைய பேஸ்பாலில் எந்த அணியும் இவ்வளவு மோசமாகத் தொடங்கியதில்லை. அந்தப் பருவத்தில் ஒரு தொடரையாவது வெல்வதற்கு ஜூன் மாதம் மியாமி செல்லும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இறுதிக் கணக்கு 43 வெற்றி, 119 தோல்வி.

ஆகவே உங்கள் கோபத்தில் தவறில்லை. அது ஏப்ரலில் பிறந்த கோபமும் அன்று. 2018-க்குப் பிறகு பிளே ஆஃபையே பார்க்காத ஓர் ஊர், ஒவ்வொரு குளிர்காலத்திலும் அணி நிர்வாகம் என்ன செய்கிறது என்று கவனித்துச் சேர்த்துவைத்த கோபம் அது.

கேள்வி: கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள் இருக்கும்போது, முதல் இருபது ஆட்டங்களின் தோல்வியை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும்? கெட்ட நேரம் எது, பலவீனம் எது என்று எப்படிப் பிரித்தறிவது? (வாசகர், திருச்சி)

பதில்: ஐ.பி.எல்.-இல் லீக் சுற்றில் ஓர் அணிக்குப் பதினான்கே ஆட்டங்கள். அங்கே நான்கு தோல்வி தொடர்ந்து வந்தால் கணக்கே மாறிவிடும். பேஸ்பால் அணி ஏறக்குறைய ஆறு மாதம் அநேகமாகத் தினமும் ஆடுகிறது. மிகச் சிறந்த அணிகளும் ஐம்பது, அறுபது ஆட்டங்களில் தோற்கின்றன. எனவே நீங்கள் கேட்பது சரியான கேள்வி. பெரும்பாலான ஏப்ரல் தடுமாற்றங்களைப் பெரிதுபடுத்தவே கூடாது.

ஆனால் ‘பெரும்பாலான’ என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வெல்லவும் தோற்கவும் சம வாய்ப்புள்ள நடுத்தர அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த அணி 45 ஆட்டங்களில் 18 அல்லது அதற்கும் குறைவாக வெல்வதற்கான வாய்ப்பு, எட்டு ஒன்பது முறைக்கு ஒருமுறை. முப்பது அணிகள் ஆடும் போட்டியில் இப்படிப்பட்ட சறுக்கல் ஆண்டுதோறும் மூன்று நான்கு அணிகளுக்கு நேர்ந்தே தீரும். 2007-இன் 18-27 அந்த வகையைச் சேர்ந்தது. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19-31 என்று தொடங்கி, 93-69 என்று முடித்து, அந்த ஆண்டின் உலகத் தொடரையே வென்றதும் இந்த எல்லைக்குள் அடங்குவதுதான்; மேக்ஸ் ஷெர்சரும் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்கும் பாட்ரிக் கார்பினும் பந்தெறிய இருக்கும் ஓர் அணி மே மாதத்தில் தோற்றுக்கொண்டிருந்தால், காத்திருக்கச் சொல்வது அறிவுடைமை. இதே கணக்கின்படி அந்த நடுத்தர அணி முதல் 18 ஆட்டங்களில் மூன்று அல்லது அதற்கும் குறைவாக வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 265-இல் ஒன்று. 40 ஆட்டங்களில் ஏழை மட்டுமே வெல்லும் வாய்ப்பு நாற்பதாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்துக்கு வந்த பிறகு ‘கெட்ட நேரம்’ என்று சொல்வது ரசிகரை ஏமாற்றுவதாகும்.

இன்னொரு வழி, வெற்றி தோல்விகளை விட்டுவிட்டு ரன்களைப் பார்ப்பது. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை விழுக்காடு ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். பில் ஜேம்ஸ் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன் தந்த சூத்திரம் இது. இன்றும் வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. 2007-இல் ராக்கீஸ் 860 ரன்கள் எடுத்து 758 ரன்கள் கொடுத்தது. சூத்திரம் சொல்வது 92 வெற்றி, அணி உண்மையில் பெற்றது 90. 2025-இல் எடுத்தது 597, கொடுத்தது 1021. சூத்திரம் சொல்வது 41 வெற்றி, பெற்றது 43. அதாவது, 119 தோல்வி கண்ட அந்தப் பருவத்தில் ராக்கீஸுக்கு அதிர்ஷ்டம் சற்றே துணை நின்றிருக்கிறது. எடுத்ததைவிட 424 ரன்கள் கூடுதலாகக் கொடுத்த ஓர் அணி நவீன பேஸ்பாலில் இதற்கு முன் இல்லை. இந்த ஒரு எண்ணை அறிந்த பிறகு எனக்கு அந்த ஆண்டைப் பற்றி வேறு எந்தச் சமாதானமும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

கேள்வி: டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருப்பதால்தான் இங்கே பிட்சர்கள் தோற்கிறார்கள் என்று எப்போதும் சொல்லப்படுகிறது. இது நேர்மையான காரணமா, சாக்கா? (வாசகர், ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ)

பதில்: நேர்மையான காரணம்தான். அந்தக் காரணத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருந்தும் அதற்கேற்ப அணியைக் கட்டவில்லை என்பதால் அது சாக்காகவும் ஆகிவிட்டது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். 5,280 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடித்த பந்தைத் தடுக்கும் காற்று குறைவதால் பந்து கூடுதல் தூரம் பறக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கொடிய விளைவு பந்தெறிதலில் இருக்கிறது. சுழன்று வரும் பந்து வளைவதும் சட்டென்று தாழ்வதும் காற்று அதன்மீது செலுத்தும் விசையால்தான். காற்று மெலிந்தால் வளைவும் மெலிகிறது. மற்ற ஊர்களில் பேட்டரை ஏமாற்றிக் கீழே விழும் வளைபந்து, டென்வரில் அடிப்பதற்கு வாகான உயரத்தில் வந்து நிற்கிறது. பறக்கும் பந்துகளுக்கு ஈடாக மைதானத்தின் வெளிப்பரப்பை மிகப் பெரிதாக அமைத்திருப்பதால், ஹோம் ரன் ஆகாத பந்துகளும் ஆளில்லாத இடங்களில் விழுகின்றன. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுப்பதால் நிலைமை ஓரளவு தணிந்ததே தவிர, காற்றை யாராலும் மாற்ற முடியவில்லை.

பேட்டர்களுக்கும் இதில் இழப்பு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வாரம் மெலிந்த காற்றில் வளையாத பந்துகளைப் பார்த்துப் பழகிய கண், அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சல்ஸிலோ சான் டியேகோவிலோ திடீரென்று ஒடிந்து விழும் பந்துகளைச் சந்திக்கிறது. வெளியூர்ப் பயணங்களில் ராக்கீஸின் பேட்டிங் ஆண்டுக்காண்டு வாடிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே கருதுகிறேன்.

2025-இல் இதற்கு மிகத் துல்லியமான சாட்சி சேஸ் டாலண்டர். 2023-இல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின் முதல் சுற்றில் தேர்வான இந்த இளம் பிட்சர் ஏப்ரல் 6 அன்று அறிமுகமாகி முதல் ஆட்டத்திலேயே வெற்றி பெற்றார். பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், வெளியூர்களில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய மூன்றரை ரன் மட்டுமே கொடுத்த அவர், சொந்த மைதானமான கூர்ஸ் ஃபீல்டில் பத்து ரன்னை ஒட்டிக் கொடுத்தார். திறமை அவரிடம் இருக்கிறது என்பதை வெளியூர் எண் சொல்கிறது. அதை டென்வரில் எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுத்தரும் ஏற்பாடு அணியிடம் இல்லை என்பதை உள்ளூர் எண் சொல்கிறது.

இங்கேதான் என் வருத்தம் தொடங்குகிறது. வெளியிலிருந்து பெரிய பிட்சர்களை விலைக்கு வாங்கி இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்பது 2000-ஆம் ஆண்டின் குளிர்கால ஒப்பந்தங்களிலேயே தெரிந்துவிட்டது. அப்போது மைக் ஹாம்டனுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 121 மில்லியன் டாலரும் டென்னி நீகிளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 51 மில்லியன் டாலரும் கொடுத்து அழைத்துவந்தார்கள். இருவரும் டென்வரில் சோபிக்கவில்லை. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அமெரிக்காவின் முதன்மை லீகில் வேறு எந்த அணிக்கும் இல்லாத சிக்கல் நமக்கு இருக்கிறது என்றால், அந்தச் சிக்கலைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்த அணியாக நாம் இருந்திருக்க வேண்டும். எந்த வகைப் பந்து மெலிந்த காற்றில் குறைவாகப் பழுதாகிறது, வெளியூர் செல்லும் பேட்டரை எப்படித் தயார்படுத்துவது, பிட்சர்களின் உடல் மீள்வதற்கு எத்தனை நாள் ஓய்வு தேவை என்பவற்றையெல்லாம் ஆராய்வதற்கு மற்ற அணிகளைவிட இரு மடங்கு ஆட்களை நியமித்திருக்க வேண்டும். மாறாக, ஆய்வுப் பணியில் இந்த அணி பின்தங்கியிருக்கிறது என்ற குறைதான் நெடுங்காலமாக அமெரிக்கப் பத்திரிகைகளில் எழுதப்பட்டுவந்தது. 2025-இல் தொடக்கப் பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறரை ரன்னுக்கும் மேல் கொடுத்ததற்குக் காற்றை மட்டும் குறை கூறினால், 2009-இல் இதே காற்றில் ஹிமெனெஸும் அவருடைய துணைவர்களும் 92 வெற்றிக்கு வழிவகுத்ததை எப்படி விளக்குவது?

கேள்வி: தொடக்கத் தோல்விகளுக்கு மேனேஜரை நீக்குவது பயன் தருமா? பட் பிளாக் நீக்கப்பட்டபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வருத்தமே அதிகம் ஏற்பட்டது. (வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்)

பதில்: உங்கள் வருத்தத்தில் நானும் பங்குகொள்கிறேன். 2017-இலும் 2018-இலும் அடுத்தடுத்து அணியை பிளே ஆஃபுக்கு அழைத்துச் சென்றவர் அவர். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் பிறகு என்ன ஆனார்கள்? இரண்டாம் பேஸில் ஆடிய டி.ஜே. லமேஹியூ 2018-க்குப் பின் விலகிச் செல்ல விடப்பட்டார். 2020-இல் நியூயார்க் யாங்கீஸுக்காக ஆடி அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றார். 2019-இல் எட்டு ஆண்டுகளுக்கு 260 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்ற நோலன் அரெனாடோ, இரண்டே ஆண்டுகளில் செயின்ட் லூயிஸுக்குக் கொடுக்கப்பட்டார். அவரைக் கொடுத்ததோடு நில்லாமல் ஏறக்குறைய 50 மில்லியன் டாலரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். டிரெவர் ஸ்டோரியை 2021 கோடையில் வேறு அணிக்கு மாற்றி இளைஞர்களைப் பெறும் வாய்ப்பைத் தவறவிட்டு, பருவம் முடிந்ததும் இழந்தார்கள். மறு ஆண்டு கிரிஸ் பிரையன்ட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 182 மில்லியன் டாலர் எழுதிக்கொடுத்தார்கள். முதுகெலும்புத் தேய்மானத்தால் அவதிப்படும் அவர் 2025-இல் ஆடியது பதினொரே ஆட்டம். நோயுற்ற ஆட்டக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பந்தெறிவதற்கு ஆளில்லாத அணி அந்தப் பணத்தை அந்த இடத்தில் போட்ட முடிவைக் குறை சொல்லாமல் இருக்கவும் முடியாது. இவற்றில் எதுவும் மேனேஜரின் கையெழுத்தால் நடந்ததன்று.

1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டங்களில் தோற்றதுமே கால் ரிப்கன் சீனியரை நீக்கியது. அவருடைய இரண்டு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த ஃபிராங்க் ராபின்சனின் கீழ் அணி மேலும் பதினைந்து ஆட்டங்களில் தொடர்ந்து தோற்று, 0-21 என்ற, இன்றுவரை எவரும் தொடாத கணக்கை அடைந்தது. ராக்கீஸிலும் பிளாக்குக்குப் பின் வந்த வாரன் ஷேஃபரின் கீழ் கிடைத்தது 36 வெற்றி, 86 தோல்வி. 2009-இல் டிரேசியின் வருகை பலித்தது என்றால், அவரிடம் ஒப்படைக்கப்பட்டது வெல்லத் தெரிந்த அணி.

கேள்வி: இவ்வளவு தோற்றும் கூர்ஸ் ஃபீல்டுக்குக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. நாம் டிக்கெட் வாங்குவதை நிறுத்தினால்தானே உரிமையாளருக்கு உறைக்கும்? (வாசகர், அரோரா, கொலராடோ)

பதில்: 119 தோல்விகள் கண்ட 2025-இலும் ஏறக்குறைய 24 லட்சம் பேர் அந்த மைதானத்துக்கு வந்தார்கள். 1993-இல், அணி பிறந்த ஆண்டிலேயே, 44 லட்சத்து 83 ஆயிரம் பேர் வந்து ஏற்படுத்திய சாதனையை அமெரிக்காவின் எந்த நகரமும் இன்னும் முறியடிக்கவில்லை. கோடை மாலையில் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி அமர்ந்திருப்பதற்கு கூர்ஸ் ஃபீல்டைவிட நல்ல இடம் டென்வரில் குறைவு; வருகிறவர்களில் பலர் வெளியூர்ப் பயணிகள், இன்னும் பலர் எதிரணியின் ரசிகர்கள். ஆகவே நீங்களும் நானும் வராமல் இருப்பதால் பெரிய மாற்றம் உண்டாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோல்வியால் வருமானம் பெரிதாகக் குறையாத ஓர் அணியில், மாற்றத்துக்கான அவசரமும் மெதுவாகவே வருகிறது. டிக் மான்ஃபர்ட் குடும்பத்தின் கையில் அணி இருக்கும் இத்தனை ஆண்டுகளில், தன் பிரிவில் முதலிடம் பெறும் அணிக்குரிய டிவிஷன் பட்டம் ஒருமுறைகூட வராததற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

எனினும் நிறுத்துங்கள் என்று உங்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தயங்குகிறேன். பால்டிமோரை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 0-21-க்குப் பிறகு ஒரு வெற்றியும் மேலும் இரு தோல்விகளும் கண்டு அணி ஊர் திரும்பிய மே 2 இரவு, 50,402 பேர் மைதானத்துக்கு வந்து எழுந்து நின்று வரவேற்றார்கள். புதிய மைதானத்துக்கான ஒப்பந்தம் அந்த இரவில்தான் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு 54-107 என்று முடித்த அணி மறு ஆண்டு இளம் ஆட்டக்காரர்களோடு 87-75 என்று எழுந்து நின்றது. ரசிகர்கள் வந்ததால் அணி வென்றது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே நிர்வாகம் பழையதைக் கலைத்துவிட்டு இளைஞர்களுக்கு இடம் கொடுத்தது. ரசிகர்களின் பொறுமைக்கு ஒரு மறுமொழி கிடைத்தது. நம் ஊரில் அந்த மறுமொழிதான் வரவில்லை.

செல்ல விரும்பினால் செல்லுங்கள், ஆட்டக்காரர்களுக்குக் கைதட்டுங்கள். 2025-இல் 31 ஹோம் ரன் அடித்த ஹண்டர் குட்மேனைப் போன்ற இளைஞர், நிர்வாகத்தின் குறைகளுக்காக ஏச்சு வாங்க வேண்டியவர் அல்லர். உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு எழுதும்போதும் அணிக்குக் கடிதம் அனுப்பும்போதும், மைதானத்தில் நின்றவர்களை விட்டுவிட்டு, குளிர்காலத்தில் முடிவெடுத்தவர்களிடம் கேள்வியை வையுங்கள்.

கேள்வி: எங்கள் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024-இல் 3-22 என்று தொடங்கி 121 ஆட்டங்களில் தோற்றது. எது மோசமான அணி, உங்களுடையதா எங்களுடையதா? (வாசகர், சிகாகோ)

பதில்: தோல்விகளின் எண்ணிக்கையில் உங்களுடையது, ரன் வித்தியாசத்தில் எங்களுடையது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. ஒயிட் சாக்ஸ் அந்தப் பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு தன் முதன்மைப் பிட்சர் டிலன் சீஸை சான் டியேகோவுக்குக் கொடுத்து இளைஞர்களைப் பெற்றது. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் லூயிஸ் ராபர்ட், எலோய் ஹிமெனெஸ், யோவான் மொன்காடா மூவரும் காயமடைந்தார்கள். தோற்பது அங்கே ஓரளவு தெரிந்தே மேற்கொண்ட பாதை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் கலைத்துவிட்டுக் கட்டுகிறார்கள் என்பது ரசிகருக்குத் தெரிந்திருந்தது. டென்வரில் ஆண்டுதோறும் ‘இந்த அணி போட்டியிடும்’ என்றே சொல்லப்பட்டது.

கேள்வி: அடுத்த பருவத்தின் முதல் இருபது ஆட்டங்களில் எதைப் பார்த்து நம்புவது, எதைப் பார்த்துக் கைவிடுவது? (வாசகர், டென்வர்)

பதில்: முதல் இருபது ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்காமல் இருப்பது நல்லது. டென்வரில் ஏப்ரலில் பனி பெய்வதும் குளிரில் பந்து குறைந்த தூரமே பறப்பதும் அந்தக் கணக்கைத் திரித்துக் காட்டும். பேட்டிங் சராசரியையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நன்றாக அடித்த பந்து நேராக ஓர் ஆட்டக்காரரின் கையில் போய் விழுவது இரண்டு வாரம் தொடர்ந்து நடக்கக்கூடியது.

தொடக்கப் பிட்சரைக் கவனியுங்கள். அவர் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்கிறார், எத்தனை பேருக்கு நடை (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸை இலவசமாகக் கொடுப்பது) கொடுக்கிறார் என்ற இரண்டு எண்களும் மைதானத்தின் பரப்பையும் சக ஆட்டக்காரர்களின் தடுமாற்றத்தையும் பெரும்பாலும் சாராதவை. அதனால் மற்ற எண்களைவிட மிக விரைவில் உண்மை பேசத் தொடங்குகின்றன. முதலாவது எண் இரண்டாவதைப்போல் இரு மடங்குகூட இல்லையென்றால் கவலைப்பட வேண்டியதுதான். ஐந்து தொடக்கப் பிட்சர்களில் மூவராவது பெரும்பாலான ஆட்டங்களில் ஆறாவது இன்னிங்ஸைத் தொடுகிறார்களா என்றும் பாருங்கள். நான்காவது இன்னிங்ஸில் மாற்றுப் பிட்சர்களை அழைக்க நேரும் அணி ஏப்ரலில் தாக்குப்பிடிக்கும். ஜூலைக்குள் அந்த மாற்றுப் பிட்சர்களின் தோள்கள் ஓய்ந்துவிடும். டாலண்டர் கூர்ஸ் ஃபீல்டில் எறியும் நாள்களில், வெளியூரில் எறியும் அதே வகைப் பந்துகளை அதே விகிதத்தில் எறிகிறாரா, இல்லை, உயரத்துக்கேற்ப எதையாவது மாற்றியிருக்கிறாரா என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள். மாற்றியிருந்தால், அணியில் யாரோ ஒருவர் கடைசியாக அந்த வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறார் என்று பொருள். அப்படி நடந்திருந்தால், கணக்கு 6-14 என்று இருந்தாலும் மே மாதத்துக்கான டிக்கெட்டை நான் வாங்கிவிடுவேன்.